இரண்டு விரல் வாட்டம்

கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சாயவில்லை, கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று வெள்ளிங்கிரி தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். கண் கேட்கமாட்டேன் என்றது. எப்படிக் கேட்கும்? பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் கோணல் உண்டா கோணல் உண்டா என்று தேடிப் பழகின கண். ரிட்டயர்டு ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், அந்தக் கண்ணைத் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ள ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் பந்தக்கால் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. காலை ஆறரை மணி, கையில் காப்பி டம்ளர், வாசற்படியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். கேட்டைப் பார்த்து நிற்கிற கார், அதற்கு அப்பால் கேட்டின் குறுக்குக் கம்பி. காரின் கூரையும் கம்பியும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகவேண்டும். போகவில்லை. இடப்பக்கம், முருங்கை மரத்துப் பக்கம், கூரை இறங்கிக் கிடக்கிறது. எவ்வளவு? கையை நீட்டி விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல். இடப்பக்கம்! எத்தனையோ பக்கம் இருக்க, இன்றைக்குப் பார்த்து, மனைவி சுலோச்சனா ஏறி உட்காரவேண்டிய பக்கம்தானா சாயவேண்டும்? இன்றைக்குப் பத்து மணிக்குக் கிளம்பினால்தான் மதியச் சாப்பாட்டுக்கு அவினாசியில் இருக்கலாம். நாளை விடிகாலை முகூர்த்தம். சுலோச்சனாவின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அந்தப் பையனுக்கு இருப்பது ஒரே ஒரு அத்தை. அந்த அத்தைதான் நேற்று ராத்திரி சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, யாரோ எவரோ கல்யாணம் மாதிரி, "நீங்க மட்டும் போய்ட்டு வந்துருங்க. நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

வரலீங்க. அந்த 'ங்க' என்ன மரியாதையோ. காப்பி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தார். இவ்வளவும் அவள் ஏறுவதற்காகத்தானே செய்தது! இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம் ஆகிறது. டாக்டர் தெளிவாகச் சொன்னார், உட்காருகிற இடம் முழங்காலைவிடத் தாழ்ந்திருக்கக்கூடாது, குனிந்து புதையக்கூடாது, புதைந்தால் புது மூட்டு நழுவும் என்று. நழுவும் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வெள்ளிங்கிரிக்கு அந்தக் காரைப் பார்த்தால் கார் மாதிரியே தெரியவில்லை, குழி மாதிரி தெரிந்தது. பதினாலு வருஷத்துக் கார், ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து வயிறு தரையைத் தொடுகிறது. பெங்களூரிலிருந்து மகள் போனில் சொன்னாள், "ஒரு கெட்டித் தலகாணி போட்டு உக்கார வெச்சாப் போதாதாப்பா?" தலகாணியாம்! முப்பத்தோரு வருஷம் அளவு பார்த்தவனிடம் வந்து தலகாணி போடச் சொல்கிறாள். உக்கடத்தில் ஹக்கீமின் ஷெட்டுக்குக் கொண்டுபோய் நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி, ஒன்றரை இஞ்சு உயரம் கொடுக்கிற கெட்டி ஸ்பிரிங்காகப் போட்டு, ஷாக் அப்சார்பரையும் மாற்றி நேற்றுச் சாயங்காலம் ஓட்டிவந்தார். உயரம் வந்துவிட்டது. சீட்டு அவள் முழங்காலுக்கு மேல் நாலு விரல் நிற்கிறது. அவள் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் உயரத்தைக் கணக்கு வைத்துத்தான் அளந்தார். எல்லாம் சரி. எல்லாம் சரியாகி, இப்போது ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. சரி பண்ணின பிறகுதான் கோணல் வரும்போல. இல்லை, சரி பண்ணின பிறகுதான் கோணல் கண்ணில் படுகிறதோ? பழைய ஸ்பிரிங்கோடு நின்றபோது இந்தக் கூரையையும் அந்தக் கம்பியையும் சேர்த்துவைத்து ஒருநாளாவது பார்த்தோமா? பார்க்கவில்லை. அவள் நடையையும்தான் நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை.

அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு டம்ளரைப் படியில் வைத்தார். ரசமட்டத்தை எடுத்துவந்து காரின் கூரைமேல் குறுக்கே வைத்தார். கண்ணாடிக்குள் குமிழி வலப்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. குமிழி மேட்டுக்குத்தான் ஓடும். ஆக, இடம் பள்ளம். மட்டத்தையே நம்பாதே, திருப்பி வைத்துப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், திருப்பி வைத்தார். குமிழி மறுபடி வலப்பக்கமே ஓடியது. மட்டத்தின் மேல் தப்பில்லை. குந்தி உட்கார்ந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களைவிட்டார். வலப்பக்கம் நாலு விரல் தாராளமாகப் போயிற்று, இடப்பக்கம் நாலு விரல் இறுக்கிப் பிடித்தது. என்னவாக இருக்கும்? ஸ்பிரிங்கின் வால்முனை அதன் குழிக்குள் சரியாக உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கலாம். அப்படியானால் அந்தப் பக்கம் உயரவேண்டும், ஆக வலப்பக்கம்தான் கோளாறா? இடப்பக்க ஸ்பிரிங்கையும் வலப்பக்க ஸ்பிரிங்கையும் மாற்றிப் போட்டிருக்கலாம். அடியில் வைக்கிற ரப்பர் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கலாம். இல்லையென்றால் போல்ட்டு. ஆமாம், போல்ட்டு! வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால் உள்ளே ரப்பர் புஷ் தொங்குகிற நிலையிலேயே கவ்விக்கொள்ளும். அப்புறம் கீழே இறக்கினால் நிற்கவும் நிற்காது படியவும் படியாது. நாலு காலில் நிறுத்தி, பாரம் ஏறின பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கவேண்டும். ஹக்கீம் பாய் அதைச் செய்தாரா? கேட்காமல் வந்துவிட்டோமே. பாரம் ஏற்றாமல் அளந்தால் எந்த அளவும் பொய். பாரம் ஏற்றாமல்... அந்த டாக்டர் அவளைப் படுக்கவைத்துத்தானே அளந்திருப்பார்? மயக்கத்தில், மல்லாந்து, இரண்டு காலும் தொங்கலாகக் கிடக்க. நிற்கவைத்து அளந்திருக்கமாட்டாரே. எப்படி நிற்கவைப்பார்?

எந்தப் பக்கம் போனாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஏழு வாரமாக இதே கதை. நெஞ்சுக்குள் ஒரு முள், எடுக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல். சுலோச்சனா ஆபரேஷனே வேண்டாம் என்றாள். "நோவோ நொடியோ, இது நான் பொறந்தப்ப வந்த காலுங்க. இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். இவர்தான் விடவில்லை. பேரிங் தேய்ந்தால் மாற்றுவதில்லையா, சத்தம் போட்டுக்கொண்டே ஓடவிடுவார்களா என்று படம் வரைந்துகூடக் காட்டினார். "நான் என்னங்க பம்புசெட்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு சரி என்றாள். அந்தச் சரி அவருக்காகச் சொன்னது. அவளுக்காகச் சொன்னதில்லை என்பது அப்போதே தெரியும், தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். முதல் வாரம் வாக்கர், நாலாம் வாரம் கைத்தடி. தினம் காலை ஏழு மணிக்கு இந்த போர்டிகோவில்தான் நடைப்பயிற்சி, காருக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கிற சந்தில். வாசற்படியிலிருந்து கேட்டு வரைக்கும், கேட்டிலிருந்து திரும்ப வாசற்படி வரைக்கும், எட்டு நடை. இவர் படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், பேப்பர் படிக்கிற பாவனையில். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டை நோக்கிப் போகும்போது பேப்பருக்கு மேலே இவர் கண் அவள் இடுப்பில் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் இறங்கும். ஒரு துளி. மற்றவர்களுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். இடப்பக்கம்தான் மாற்றின பக்கம். மாற்றின கால் குட்டையாகப் போய்விட்டது. அரை இஞ்சு இருக்குமா? கால் இஞ்சு? திரும்பி வரும்போது மட்டும் இடுப்பைப் பார்க்கமாட்டார். நேருக்கு நேர் வருகிறாள் அல்லவா, பார்த்தால் இவர் பார்ப்பதைப் பார்த்துவிடுவாள். அதனால் வரும்போது முகத்தைப் பார்ப்பார். வலிக்கிறதா, அவளுக்குத் தெரிந்துவிட்டதா, நீங்க சொல்லித்தானே என்று அந்த முகம் எப்போதாவது சொல்லப்போகிறதா என்று. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் பெரிய தொல்லையே. சொல்லித் தொலைத்தாலாவது நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. சமையலறை ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. "ஏனுங்க, காலங்காத்தால காருக்கடியில என்ன தேடறீங்க?" "ஒண்ணுமில்ல சுலோ, ஸ்பிரிங் பாக்கறேன்." "போட்ட ஸ்பிரிங்கு அங்கதான் இருக்கும். எங்க போயிரும்?" என்றுவிட்டு அவள் போய்விட்டாள். லொள்ளுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அந்தக் குரலில் கோபம் இருந்ததா? இல்லை. நேற்று ராத்திரி ஏன் வரமாட்டேன் என்றாள்? ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் சாய்ந்து சாய்ந்து நடந்து போகவேண்டுமே என்றுதான். வேறென்ன? அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து வெயில் காட்டிவிட்டு, மறுபடி மடித்து பீரோவிலேயே வைத்துவிட்டாளே, அதை இவர் கதவிடுக்கில் நின்று பார்த்தாரே.

ஹக்கீமுக்குப் போன் அடித்தார். பல் துலக்கிக்கொண்டே பேசினார் மனிதர். "சார், எங்க ஷெட்டுல நிக்கையில மட்டமாத்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். ஸ்பிரிங்கு முனையெல்லாம் குழியிலதான் உக்காந்திருக்கு." "போல்ட்டு எப்ப முறுக்குனீங்க பாய்? தொங்கறப்பவா, எறக்கினப்புறமா?" அந்தப் பக்கம் கொப்பளிக்கும் சத்தம் நின்றது. "என்ன சார் இது? எறக்கி, உள்ள ரெண்டு பசங்கள உக்கார வெச்சு, பாரத்தோடதான் முறுக்கினேன். இருபது வருசமா பண்றனுங்க சார்." "அப்ப எப்படி பாய் ரெண்டு விரல் எறங்கும்?" "ஒண்ணு பண்ணுங்க சார். வண்டியத் திருப்பி நிறுத்திப் பாருங்க. மூஞ்சி இருக்கற எடத்துல வாலு வரட்டும். அப்பவும் அதே பக்கம் எறங்குச்சுன்னா கொண்டாங்க, நான் கழட்டி மாட்டித் தர்றேன்." திருப்பி நிறுத்திப் பார்க்கவேண்டுமாம்! மட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தாகிவிட்டது, இதில் வண்டியை வேறு திருப்பவேண்டுமாம். இருந்தாலும் மனிதர் ஆத்திரப்படாமல் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் முகத்தை உள்ளேவிட்டு வண்டியை நிறுத்தினதில்லை. முன்னே இருந்த கார், இந்தக் கார் எல்லாமே பின்பக்கமாக வந்துதான் நிற்கும், அவசரத்துக்கு நேராக வெளியே ஓட்டலாம் என்று. என்ன அவசரம் வந்தது இருபத்திரண்டு வருஷத்தில்? ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் ஆம்புலன்ஸ்தான் வந்தது. கேட்டைத் திறந்து தெருவுக்கு ஓட்டினார். ஸ்டியரிங் கையில் லேசாக, நேராக இருந்தது. கையை எடுத்துவிட்டால்கூட எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, இதென்ன வேடிக்கை? கல்யாணமான புதிதில் ஸ்கூட்டர் இருந்தது. சுலோச்சனா பின்னால் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்காருவாள், வண்டி இடப்பக்கம் சாயும், இவர் தன் உடம்பை வலப்பக்கம் ஒடித்து நேர்பண்ணிக்கொண்டு ஓட்டுவார். கணபதியிலிருந்து காந்திபுரம் வரைக்கும் அப்படி ஒடிந்தே போனதுண்டு. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "நீ உக்காந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்குது அம்மிணி" என்றார். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் எறங்கிட்டா நீங்க அந்தப் பக்கமா விழுந்துருவீங்க, பாத்துக்குங்க" என்றாள். சத்தியமான வார்த்தை. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த ஆறு நாளும் இவர் அப்படித்தான் இருந்தார், வலப்பக்கம் ஒடிந்து. இப்போது தெருவில் எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்று, "என்ன சார், கல்யாணத்துக்குக் கெளம்பியாச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, வண்டியத் திருப்பறேன்" என்றார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு போனார். வண்டியை முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, மூக்கை வீட்டைப் பார்க்க உள்ளேவிட்டு நிறுத்தினார். இறங்கினார். முதலில் கண்ணால் பார்க்கப் பயமாக இருந்தது. பயந்துகொண்டே ரசமட்டத்தைக் கூரையில் வைத்தார்.

குமிழி இடப்பக்கம் ஓடியது. அதாவது காரின் வலப்பக்கம் பள்ளம். இத்தனை நேரம் இடப்பக்கம் இறங்கி நின்ற வண்டி இப்போது வலப்பக்கம் இறங்கி நிற்கிறது. குந்தி உட்கார்ந்து விரலைவிட்டார். இடப்பக்கம் தாராளம், வலப்பக்கம் இறுக்கம். சனியன், கோளாறு இடம் மாறுமா? தெருவுக்குப் போய்த் திரும்பிவருவதற்குள் ஒரு பக்க ஸ்பிரிங் எழுந்து மறுபக்க ஸ்பிரிங் படுத்துக்கொண்டதா? பேய் பிடித்த வண்டியா இது? அப்படியே குந்தினபடி இருந்தார். முழங்கால் கடுத்தது. முருங்கைப் பூ இரண்டு காரின் மேல் விழுந்தது. முருங்கை. முதலிலும் முருங்கைப் பக்கம்தான் இறங்கியிருந்தது, இப்போதும் முருங்கைப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. கார் திரும்பியது, பள்ளம் திரும்பவில்லை. பள்ளம் காருக்குச் சொந்தமில்லை. டம்ளர் அடியில் ஒட்டியிருந்த நாலு சொட்டுக் காப்பி போதாதென்று செடிக்கு வைத்திருந்த சொம்புத் தண்ணீரை எடுத்து மதிலோரம் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி யோசித்தது, அப்புறம் தெரிந்த வழியில் போவதுபோல சந்தைத் தாண்டி, காருக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளிவந்து, முருங்கை மரத்தடிக் கால்வாயில் போய் விழுந்தது. அட என் சாமி. தரை!

முப்பத்தோரு வருஷம் அவர் அளந்ததெல்லாம் ஒரு கருங்கல் பலகைமேல். மயிரிழை பிசகாமல் மட்டம் பிடித்து, தினம் துடைத்து, வெல்வெட் துணி போட்டு மூடி வைக்கிற பலகை. அதன்மேல் உருப்படியை வைத்தால் கோணல் உருப்படியில்தான் இருக்கும், பலகையில் இருக்கவே இருக்காது. அடி மட்டம் என்பது அவர் வரைக்கும் கேள்வி இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும், அடி மட்டமாக இருக்கும். சாதாரண ஆள் ஒருத்தன் பார்த்திருந்தால், எதிர்வீட்டுப் பால்பாக்கெட்டுக்காரரே பார்த்திருந்தால், தரை சாய்வா இருக்குங்க என்று முதல் பேச்சாகச் சொல்லியிருப்பார். இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய ஒரு இன்ஸ்பெக்டரால்தான் முடியும். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. நின்றுபோய், உள்ளே ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது. இடப்பக்கம் முருங்கை. கேட்டை நோக்கிப் போகும்போது அவளுக்கு இடப்பக்கம் முருங்கை. அப்ப... அப்ப... மேலே நினைக்கப் பயந்துகொண்டு எழுந்தார். நினைத்துவிட்டு இல்லை என்று ஆகிவிட்டால்? ஆசைப்பட்டு அளந்தால் அளவு பொய் சொல்லும். பார்க்கவேண்டும். திருப்பிப் பார்க்கவேண்டும்.

மணி ஏழு. சொல்லிவைத்த மாதிரி கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. சுலோச்சனா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள், நல்ல காலை மேலே வைத்து, மாற்றின காலை முதலில் கீழே இறக்கி, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி. வண்டி திரும்பி நிற்பதைப் பார்த்தாள். நடக்க ஆரம்பித்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, பேப்பரும் எடுக்கவில்லை. கேட்டை நோக்கிப் போனாள். முதுகு. பின்னல் நரைத்து மெலிந்து ஆடியது. இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் இறங்கியது, ஏழு வாரமும் இறங்கின அதே ஒரு துளி. கேட்டுக்குப் போய்க் கம்பியைத் தொட்டாள், தினமும் தொடுவாள். திரும்பினாள். இப்போது அவர் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவேண்டும். கண் தானாக முகத்துக்குத்தான் போயிற்று. பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்தார். இடுப்பு. ஒரு அடி. கண்ணில் நீர் மறைத்தது, துடைத்தார். இரண்டாவது அடி. மூன்றாவது. வலப்பக்கம். மாற்றாத பக்கம், அவள் பிறந்தபோது வந்த பக்கம் இறங்குகிறது. ஒரு துளி, அதே ஒரு துளி, முருங்கையைப் பார்த்து. "சுலோ!" என்று கத்தினார். அவள் பயந்துபோய்ச் சந்தின் நடுவே நின்றுவிட்டாள்.

"என்னங்க? ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?" "தரை அம்மிணி! தரை சாஞ்சிருக்குது!" அவள் அவரையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஆமா. வாட்டம்." "தெரியுமா உனக்கு?" "எனக்குத் தெரியாமயா? தண்ணி நிக்கக்கூடாது, நல்லா வாட்டம் குடுத்துப் பூசுன்னு அந்தக் கொத்தனார்கிட்ட மூணு நாள் சண்டை போட்டது நானு. போட்ட பூச்ச ஒருக்கா ஒடைக்க வெச்சனே, மறந்துட்டீங்களா? இருபத்திரெண்டு வருசமா நான்தானே கழுவறேன். இங்க ஊத்தினா அங்க போய் உழுகும்." "ஏன் சொல்லல?" "என்னத்தச் சொல்றது? நீங்க கேக்கவே இல்லயே." அவர் வாயிலிருந்து எல்லாம் ஒன்றாக வந்தது. கூரை, குமிழி, ஹக்கீம், போல்ட்டு, அப்புறம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததும். அவள் கால் குட்டையாகப் போய்விட்டதென்று ஏழு வாரமாகப் பயந்தது, போகும்போது இடுப்பைப் பார்த்தது, வரும்போது முகத்தைப் பார்த்தது. "நான் வற்புறுத்தித்தானே வெட்டிக்கிட்டே. வெட்டி ஒன்னை நொண்டியாக்கிட்டனேன்னு இருந்துச்சு" என்று சொல்லும்போது வாய் கோணிக்கொண்டு போயிற்று.

சுலோச்சனா கைத்தடியை மதிலில் சாய்த்துவைத்தாள். "இதுக்குத்தானா?" என்றாள். "இதுக்குத்தான் தெனமும் என்ற மொகத்த அப்படிப் பாத்தீங்களா?" குரல் உடைந்தது. "திரும்பி வாரப்ப எல்லாம் உங்க மொகம் வாடிக் கெடக்கும். டாக்டரு உங்ககிட்டத் தனியா என்னமோ சொல்லிருக்காரு, புது மூட்டு சேரல, இல்ல வேற என்னமோ பெரிசா இருக்குது, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு நான் நெனச்சுட்டு இருக்கறேன். அங்க கல்யாணத்துக்கு வந்து, ஒறம்பரையெல்லாம் எப்படியிருக்குதுன்னு கேக்க, நீங்க அந்த மொகத்தோட எம்பக்கத்துல நின்னீங்கன்னா, நான் அங்கயே ஒடஞ்சு உக்காந்துருவேன்னுதானுங்க வரலைன்னேன். நான் நடக்கறதுல எனக்கென்ன பயம்? உங்க மொகந்தான் பயம்." ஏழு வாரம். ஒரே சந்து, இரண்டு பேர். கேட்டிருந்தால் ஒரு நிமிஷப் பேச்சு. அவருக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. தெருவில் பால்பாக்கெட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் கைத்தடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. படிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலிக்கு நடந்து வந்தாள், உயர நாற்காலிதான், பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "நீங்க நடங்க" என்றாள். "என்னது?" "கேட்டு வரைக்கும் போய்ட்டு வாங்க. நான் பாக்கறேன். ஏழு வாரம் நீங்க பாத்தீங்கல்ல, ஒருநாளு நான் பாக்கறேன்."

வெள்ளிங்கிரி நடந்தார். முதுகில் அவள் கண் இருப்பது தெரிந்தது. கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பரீட்சை எழுதப் போகிறவன்போல நடந்தார். "நீங்களும் நொண்டறீங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "எடப்பக்கம் எறங்குது! எந்த டாக்டர்கிட்டக் காட்டறது?" சிரிக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதில்லை. கேட்டைத் தொட்டார், அவள் தொடுகிற அதே கம்பி, குளிர்ந்திருந்தது. திரும்பினார். இந்தத் தடவை வலப்பக்கம் இறங்குகிறதா என்று அவள் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தார். அவள் இடுப்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்து முழுக்க, அவர் கிட்ட வந்து நிற்கிற வரைக்கும். கையை நீட்டி அவர் கன்னத்து ஈரத்தைத் துண்டு நுனியால் ஒற்றினாள்.

"வாட்டமில்லீங்க" என்றாள். "போய் மொகங் கழுவீட்டு, அந்தப் பச்சச் சேலைய எடுத்துக் கட்டில்மேல வைங்க. அப்படியே ஒரு தலகாணியும் எடுத்துக்குங்க. பத்து மணிக்குக் கெளம்பணும்."